பிலிம் மாட்டாத யூசுப்

போனில் படம் எடுப்பவர்களைக் கண்டாலே ரவிச்சந்திரனுக்கு ஆகாது. அது ஒரு வியாதி என்பது அவர் கட்சி. சாம்பாரைப் படம் எடுக்கிறான், சாமியைப் படம் எடுக்கிறான், சாவு வீட்டுக்குப் போனால் அங்கேயும் எடுக்கிறான். எடுத்ததை ஒரு தடவையாவது திரும்பப் பார்க்கிறானா என்றால் அதுவும் கிடையாது. ஆவடி பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன் தன் முகத்தையே பன்னிரண்டு தடவை எடுத்ததை நின்று எண்ணியிருக்கிறார். பன்னிரண்டும் ஒரே மூஞ்சி. அந்த மூஞ்சிக்கு ஒன்றே அதிகம் என்று வீட்டுக்கு வந்து மனைவி மைதிலியிடம் சொன்னார்.

மைதிலி முப்பத்தைந்து வருஷமாக இந்த மாதிரித் தீர்ப்புகளைக் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்து பழகியவள். "பன்னண்டு வரைக்கும் நின்னு எண்ணினீங்களே, உங்களை என்ன சொல்றது?" என்றாள்.

ரவிச்சந்திரனுக்கு நேரம் இருந்தது. ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் பிட்டராகச் சேர்ந்து முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து ரிட்டையர் ஆகி இரண்டு வருஷமாகிறது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு கோவில்பதாகையில் கட்டிய வீட்டுக்கு வந்துவிட்டார். காலையில் பேப்பர், அப்புறம் நடை, அப்புறம் ஊரைக் குறை சொல்வது. மூன்றையும் வேளை தவறாமல் செய்தார்.

அந்தத் தொழிற்சாலைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மாதத்தின் கடைசி நாள் ரிட்டையர் ஆகிறவரை செக்‌ஷன் ஆட்கள் மாலை போட்டு, பூச்சரம் கட்டிய வண்டியில் ஏற்றி, முன்னால் மேளமும் பின்னால் பைக்குமாக வீடுவரை கொண்டுவந்து விட்டு, சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். கேட்டுக்கு உள்ளே கேமரா, போன் எதுவும் போகக் கூடாது. வாழ்நாளெல்லாம் உழைத்த இடத்தில் நின்று எடுத்த படம் என்று ஒருத்தரிடமும் ஒன்றும் இருக்காது. அந்தக் கடைசி நாள், கேட்டுக்கு வெளியே மாலையோடு எடுக்கிற படம்தான் படம். அதைப் பெரிதாகப் போட்டு ஹாலில் மாட்டுவார்கள். முதல் தடவை வீட்டுக்கு வருகிறவர்கள் சுவரில் மாலையைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றிக் குரலைத் தாழ்த்துவார்கள். அதற்குள் படத்தில் இருந்தவரே காபியோடு வந்து உட்காருவார்.

ரவிச்சந்திரனின் வழியனுப்பு நாளில் பதினெட்டுப் பேர் போனில் எடுத்தார்கள். மறுநாள் வாட்ஸப்பில் இருநூற்றுப் பதினாலு படம் வந்து விழுந்தது. ஒன்றில் கண் மூடியிருந்தது. ஒன்றில் தலைக்கு மேலே கரண்ட் கம்பம் முளைத்திருந்தது. ஒன்றில் மாலைதான் இருந்தது, ஆள் இல்லை. மாட்டும்படி ஒன்றுகூடத் தேறவில்லை. அவர் வீட்டு ஹாலில் இன்றுவரை காலண்டர்தான் தொங்குகிறது.

வேறு எவனுக்காவது இப்படி ஆகியிருந்தால் போனால் போகட்டும் என்று விட்டிருப்பான். ரவிச்சந்திரனால் முடியவில்லை, ஏனென்றால் அவர் ஒரு காலத்தில் போட்டோ எடுத்தவர். தொண்ணூற்று மூன்றில் தொழிற்சாலை மனமகிழ் மன்றம் நடத்திய போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியவர். மழையில் நனைந்து நிற்கும் கூட்ஸ் வண்டி, கறுப்பு வெள்ளை. முதல் பரிசு ஒரு நாய்க்குட்டிப் படத்துக்குப் போனது. அந்த நாய்க்குட்டியை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. பிறகு பிள்ளைகள், படிப்பு, வீட்டு லோன் என்று கேமரா பீரோவுக்குள் போனது. ரிட்டையர் ஆனதும் எடுத்துப் பார்த்தால் லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்திருந்தது.

எதிர் அபார்ட்மென்டில் விக்ரம் என்று ஒரு பையன், முப்பது வயது இருக்கும், சேலத்துக்காரன், ஐ.டி. வேலை. புதுக் கேமரா வாங்கியதால் பழைய டிஜிட்டல் கேமராவை விற்கப் பார்த்தான். ரவிச்சந்திரன் வாங்கினார். வாங்கும்போதே பையன் மேல் அவருக்கு இளக்காரம் வந்துவிட்டது. நாலு வருஷத்தில் நாற்பதாயிரம் படம் எடுத்திருப்பதாகப் பெருமையாகச் சொன்னான்.

"நாப்பதாயிரத்துல எத்தனை தேறும் தம்பி?"

"ஒரு இருநூறு தேறும் அங்கிள்."

"நான் ஒரு ரோல்ல முப்பத்தாறு எடுத்தா முப்பது தேறும்."

விக்ரம் சிரித்தான். நல்ல பையன், பெரியவர்களை எதிர்த்துப் பேசத் தெரியாது. கேமராவை எப்படிப் பிடிப்பது, பேட்டரி எப்படிப் போடுவது, மெமரி கார்டை எந்தத் துவாரத்தில் சொருகுவது எல்லாம் காட்டினான். கடைசியாக ஒன்று சொன்னான்.

"அங்கிள், கார்டு இல்லாட்டியும் இது கிளிக் ஆகும். படம் எடுத்த மாதிரியே சத்தம் வரும், ஆனா எதுவும் பதியாது. அப்படி ஆகாம மெனுல லாக் பண்ணிடலாம். பண்ணித் தரட்டுமா?"

"குண்டு போடாம துப்பாக்கி தூக்கிட்டுப் போறவன் இல்ல தம்பி நான்" என்றார் ரவிச்சந்திரன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விக்ரமும் அவன் சிநேகிதர்களும் மாங்காட்டுக்குப் படம் எடுக்கப் போனபோது இவரும் கூடப் போனார். பத்துப் பேர், எல்லார் முதுகிலும் ஒரு மூட்டை. கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் விற்கிறவளை பத்துப் பேரும் சூழ்ந்துகொண்டு எடுத்தார்கள். அவள் வியாபாரத்தை விட்டுவிட்டு முந்தானையைச் சரி செய்துகொண்டு நின்றாள். ஒவ்வொருத்தனும் ஒரு கிளிக், உடனே குனிந்து பின்னால் இருக்கிற ஸ்க்ரீனைப் பார்ப்பது, மறுபடி ஒரு கிளிக், மறுபடி குனிவது. கோழி தண்ணீர் குடிக்கிற மாதிரி இருந்தது ரவிச்சந்திரனுக்கு. எடுக்கும்போதே தெரியவேண்டாமா, எப்படி வந்திருக்கும் என்று? எழுதத் தெரியாதவனுக்குத்தான் அழிரப்பர் வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தன் கேமராவின் ஸ்க்ரீன் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டினார். நாலு பக்கமும் அழுத்தி, ஓரத்தை பிளேடால் சீவி, ஒரு பிட்டரின் சுத்தத்தோடு ஒட்டினார். மைதிலி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் பாக்கறதுக்காகத்தானே அதை வெச்சிருக்கான்? அதை எதுக்கு மூடறீங்க?"

"தெரியாதவன் பாக்கட்டும். எனக்கு வேணாம்."

"தன் முதுகு தனக்குத் தெரியாதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கிற பழக்கத்தையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. முப்பத்தாறு எடுப்பார். விரல் விட்டு எண்ணி, முப்பத்தாறு ஆனதும் கார்டைக் கழற்றி ஆவடி மார்க்கெட் பக்கத்தில் பாபுவின் ஸ்டூடியோவுக்கு எடுத்துப் போவார். அந்தக் காலத்தில் பாபுவின் அப்பாவிடம் ரோல் கழுவக் கொடுத்தவர்தான் இவர். பாபு முதல் தடவையே சொன்னான்.

"இரு சார், ரெண்டு நிமிஷம். காப்பி பண்ணிகினு கார்டைக் கையிலயே குட்த்துடறேன்."

"கழுவக் குடுத்ததை உடனே திருப்பி வாங்கற பழக்கம் எனக்கில்ல பாபு. பிரின்ட்டோட சேர்த்துக் குடு."

பாபுவுக்கு என்ன போச்சு? சின்ன கவரில் கார்டைப் போட்டு, மேலே 'ரவி சார்' என்று எழுதி டிராயரில் வைத்துக்கொள்வான். மூன்று நாள் கழித்துப் போய் பிரின்ட்டையும் கார்டையும் வாங்கி வருவார். இப்படி நாலு தடவை நடந்தது. படங்கள் மோசமில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பருத்திப்பட்டு ஏரியில் விடியல், ரயில்வே பாலத்தின் நிழல், பூட்டிக் கிடக்கிற அரிசி மில். வெளிச்சம் பார்க்கத் தெரிந்த கண் அவருக்கு இருந்தது. அந்தக் கண் ஆளை மட்டும் பார்க்காது.

ஜூன் மாதம் யூசுப் வந்தார்.

யூசுப்பும் ரவிச்சந்திரனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே பெஞ்சில் எதிரெதிரே நின்று வேலை பார்த்தவர்கள். யூசுப் இரண்டு வயது சின்னவர், அதனால் இந்த ஜூன் முப்பதாம் தேதி அவருடைய முறை. மிட்டனமல்லியில் வீடு. பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்தப் பக்கம்தான். அதிகம் பேசாத ஆள்.

"ஒரே ஒரு போட்டோ வேணும்டா ரவி" என்றார் யூசுப். "மாலையோட, நல்லா பெருசா. ஹால்ல எடம் ஒதுக்கிட்டேன். கடிகாரத்தைக் கழட்டி அந்தாண்ட மாட்டிட்டேன். போன்ல எடுக்கறது வேணாம். உன்னுது மாரி ஆயிடப் போவுது. நீ எடு."

ரவிச்சந்திரனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனாலும் பழக்கம் விடுமா? "பிலிம் மாட்டாத யூசுப்புக்கே போட்டோ ஆசை வந்துடுச்சா!" என்றார். யூசுப் சிரித்து வைத்தார்.

அது தொண்ணூற்று ஒன்றில் வந்த பெயர். செக்‌ஷன் ஆட்கள் எல்லாரும் குடும்பத்தோடு பூண்டி ஏரிக்கு வேன் பிடித்துப் போனார்கள். யூசுப்புக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். மச்சானிடம் கேமரா இரவல் வாங்கி வந்து நாள் முழுக்க எடுத்தார். புதுப் பெண்டாட்டியைத் தண்ணீர் ஓரம் நிற்கவைத்து எடுத்தார், எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்து எடுத்தார். சாயங்காலம் ரோலைச் சுற்றத் தெரியாமல் ரவிச்சந்திரனிடம் கொடுத்தார். இவர் கைப்பிடியைத் திருப்பினார், அது பிலிம் இழுபடுகிற இறுக்கமே இல்லாமல் லேசாகச் சுற்றியது. பின்மூடியைத் திறந்தார். பிலிம் பல்லில் மாட்டாமல், வைத்த இடத்திலேயே அசையாமல் இருந்தது. நாள் முழுக்க எடுத்ததில் ஒன்றும் இல்லை.

வேறொருத்தனாக இருந்தால் காதோடு சொல்லியிருப்பான். ரவிச்சந்திரன் கேமராவைத் தூக்கிப் பிடித்து வேனில் இருந்த முப்பது பேருக்கும் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். யூசுப்பின் பெண்டாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாளிலிருந்து செக்‌ஷனில் மூன்று யூசுப்புகளில் இவர் 'பிலிம் மாட்டாத யூசுப்' ஆனார். புதிதாகச் சேர்ந்த பையன்கள்கூட விவரம் தெரியாமலே அப்படிக் கூப்பிட்டார்கள். பெயர் வைத்தவர் ரவிச்சந்திரன். அதில் அவருக்கு இரண்டாம் பரிசைவிடப் பெருமை.

ஜூன் இருபத்தெட்டு, சனிக்கிழமை. முப்பத்தாறு படம் ஆகியிருந்தது. யூசுப் நாளுக்குக் கார்டு காலியாக இருக்க வேண்டும் என்று கழற்றி எடுத்துக்கொண்டு பாபுவிடம் போனார். மெஷின் ரிப்பேர், செவ்வாய்க்கிழமைதான் பிரின்ட் ஆகும் என்றான் பாபு. சரி என்று கொடுத்துவிட்டு வந்தார். பிலிம் கேமராவாக இருந்தால், ஒரு ரோலைக் கழற்றிய கை அடுத்த ரோலைப் போட்ட பிறகுதான் ஓயும். முப்பது வருஷத்துக்கு முந்தைய பழக்கம் அது. இங்கே போடுவதற்கு ரோல் ஏது? கார்டு என்பது கேமராவோடு பிறந்த உறுப்பு மாதிரி, போகும், தானே வரும் என்று கை நினைத்துக்கொண்டது. கார்டு துவாரத்தின் மூடியை டப்பென்று மூடி, பேட்டரியை முழுசாக சார்ஜ் போட்டு, லென்ஸை மஸ்லின் துணியால் துடைத்து வைத்தார்.

திங்கட்கிழமை நாலரை மணி. 'படம் எடுக்கக் கூடாது' என்ற போர்டுக்கு இந்தப் பக்கம், ரோட்டுக்கு எதிரே டீக்கடை ஓரமாக வண்டி பூச்சரத்தோடு நின்றது. மேளக்காரர்கள் நாலு பேர். செக்‌ஷன் ஆட்கள் ஐம்பது பேராவது இருப்பார்கள். யூசுப்பின் மகள் ஷர்மிளா திருவேற்காட்டிலிருந்து குழந்தையோடு வந்திருந்தாள். யூசுப் கேட்டை விட்டு வெளியே வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் காலியான சாப்பாட்டுப் பை. மாலை விழுந்தது. போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மேலே கிளம்பின.

"எல்லாரும் போனை உள்ள வை!" என்று கத்தினார் ரவிச்சந்திரன். "ஒரு கழுத்துக்கு ஒரு தாலி போதும். நீங்க எடுத்த லட்சணத்தை என் ரிட்டையர்மென்ட்லயே பாத்துட்டேன். குறுக்க வராதீங்க."

சிலர் முனகினார்கள். ஆனால் யூசுப்பே சொன்னதாகச் சொல்லவும் பைக்குள் வைத்தார்கள். ஷர்மிளா மட்டும் அவருக்குப் பின்னால் நின்று போனைப் பிடித்திருந்தாள்.

"உனக்குத் தனியாச் சொல்லணுமா? உங்கப்பாவுக்கு ஒழுங்கா ஒரு படம் வேணுமா வேணாமா?"

அவளும் இறக்கிக்கொண்டாள்.

அப்புறம் நடந்ததை ஊர்வலம் என்று சொல்ல முடியாது. சால்வை போட்ட, மேற்பார்வை பார்க்கிற சார்ஜ்மேன் அப்பாவுவை, யூசுப் முகத்தில் நிழல் விழுகிறது என்று சொல்லி, சால்வையை எடுத்து மறுபடி போடவைத்தார். மாலையில் சம்பங்கி திரும்பிக்கிடக்கிறது என்று கழற்றி மாட்டவைத்தார். மேளம் சூடுபிடித்த நேரத்தில், ஆடுகிறவர்கள் தள்ளிப் போகவேண்டும் என்று மேளத்தை நிறுத்தினார். வண்டியில் ஏறிவிட்ட யூசுப்பை மூன்று தடவை கீழே இறக்கினார். சரவெடி கொளுத்தினவனைப் பார்த்து, புகை அடங்கும்வரை எவனும் அசையக் கூடாது என்றார். ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு விரலை மடக்கினார்.

ஒரு சமயம் யூசுப் அப்படியே நின்றுவிட்டார். எதிரே ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட். முப்பத்தெட்டு வருஷம் தினம் இரண்டு தடவை கடந்த கேட். கண் கலங்கி உதடு துடித்தது. கேட்டையும் அவரையும் மறைத்துக்கொண்டு நடுவில் கேமராவோடு குனிந்து நின்றார் ரவிச்சந்திரன்.

"டேய், மூஞ்சைத் துடைச்சிட்டு நேரா என்னைப் பாரு. அழுமூஞ்சியைக் கொண்டுபோயி ஹால்ல மாட்டுவியா?"

யூசுப் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு நேராகப் பார்த்தார்.

கண்ணை வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டருக்குள், படத்தின் எண் இருக்கவேண்டிய மூலையில், ஏதோ ஒரு எழுத்து மினுக்கி மினுக்கி அணைந்தது. ரவிச்சந்திரன் பார்க்காமல் இல்லை. தொழிற்சாலையில் ஒவ்வொரு மெஷினிலும் ஒரு சிவப்பு லைட் சும்மா மினுக்கிக்கொண்டே கிடக்கும். அதற்கெல்லாம் நிறுத்திக்கொண்டிருந்தால் ஒரு உருப்படி வெளியே போயிருக்காது. முப்பத்தாறாவது விரலை மடக்கி, "ஆச்சு, இனிமே ஆடுங்கடா" என்றார். அதற்குள் மேளக்காரர்களுக்கு அடுத்த இடத்துக்கு நேரமாகிவிட்டது. ஊர்வலம் மிட்டனமல்லிக்குப் பாதி சத்தத்தோடு போய்ச் சேர்ந்தது. பிரியாணி ஆறியிருந்தது. ரவிச்சந்திரன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு பாபு கடையைத் திறக்கும்போதே வாசலில் நின்றார். முப்பத்தாறில் எது ஹாலுக்குப் போகும் என்று மனசில் முடிவே செய்துவிட்டார். கேமராவைக் கண்ணாடி மேஜை மேல் வைத்தார்.

"பாபு, இதுல யூசுப்போடது இருக்கு. பெரிய சைஸ்ல ஒண்ணு போடணும், பிரேமோட."

பாபு மூடியைத் திறந்தான். உள்ளே விரலை விட்டுப் பார்த்தான். கேமராவைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தான். பிறகு டிராயரைத் திறந்து ஒரு கவரை எடுத்து மேஜை மேல் வைத்தான். மேலே 'ரவி சார்' என்று எழுதியிருந்தது.

"உன் கார்டு எங்கிட்ட கீது சார். சனிக்கெழம குட்த்தியே."

ரவிச்சந்திரனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "நீ எதுக்கு வெச்சுக்கிட்டே?" என்றார். சொன்ன வாயிலேயே அந்தக் கேள்வி அசிங்கமாக இருந்தது. பாபு கேமராவைத் திருப்பி, சுவிட்சைப் போட்டு, பின்பக்கத்து டேப்பின் ஒரு மூலையை நகத்தால் பிரித்தான். உள்ளே ஸ்க்ரீனில் கொட்டை எழுத்தில் கார்டு இல்லை என்று ஆங்கிலத்தில் எரிந்துகொண்டிருந்தது. நேற்று முழுக்க அது அங்கேதான் எரிந்திருக்கும்.

"இன்னா சார் இது, எல்லாத்தையும் காட்டற எடத்துல டேப் போட்டு வெச்சுகினு கீற?"

அப்படிக் கேட்கும்போது பாபுவின் முகத்தில் இருந்ததை ரவிச்சந்திரனுக்கு நன்றாகத் தெரியும். தினமும் தானே போட்டுக்கொள்கிற முகம்தான் அது. எதிரில் நின்று பார்ப்பது இதுதான் முதல் தடவை. ரயில்வே கேட் வரை நடந்து, எந்தப் பக்கம் போகவேண்டும் என்று தெரியாமல் வெயிலில் நின்றார்.

வீட்டில் மைதிலி எல்லாவற்றையும் கேட்டாள். வேறு நாளாக இருந்தால் நாலு வார்த்தை சொல்லியிருப்பாள். "போய் உள்ளதைச் சொல்லிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஷேர் ஆட்டோவில் போகும்போது ரவிச்சந்திரன் பொய் ஒன்றைத் தயார் செய்தார். கார்டு கெட்டுப்போச்சு, வைரஸ் வந்துடுச்சு, கம்பெனியே சரியில்லை. முப்பத்தாறு வருஷத்தில் எதற்கும் காரணம் சொல்லாத ஆள், ஒரு மைல் தூரத்துக்குள் மூன்று காரணம் கண்டுபிடித்தார். பொய் சொல்வதைவிடவும் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்தப் பெயர். 'பிலிம் மாட்டாத' என்பது இனி யாருக்கு முன்னால் ஒட்டும்?

யூசுப் வீட்டு ஹாலில் நடுச்சுவர் காலியாக இருந்தது. புது ஆணி அடித்திருந்தது. ஆணிக்குக் கீழே சுண்ணாம்புத் தூள் இன்னும் தரையில் கிடந்தது. யூசுப் லுங்கியில் உட்கார்ந்திருந்தார். ஷர்மிளா குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"வாடா. இன்னா, போட்டோ ஆச்சா?"

"அதான்டா... கார்டு கெட்டுப்போச்சு. பாபு எவ்வளவோ பாத்தான். வைரஸ் ஏறிடுச்சாம்..."

யூசுப் அவரைப் பார்த்தார். எதிரெதிரே ஒரே பெஞ்சில் நின்று முப்பத்தாறு வருஷம் பார்த்த முகம். எந்த உருப்படியில் கை தவறியிருக்கிறது என்று சொல்லாமலே தெரியும்.

"கார்டு போட்டியா நீ?"

ரவிச்சந்திரன் காலியான ஆணியைப் பார்த்தார். தலையை ஆட்டினார், இல்லை என்று.

சிரிப்பு வரும் என்று காத்திருந்தார். சிரித்துத் தொலைத்தால்கூட நன்றாக இருந்திருக்கும். யூசுப் சிரிக்கவில்லை. உள்ளே பார்த்து, "டீ போடும்மா, ரவி வந்துகீறான்" என்றார். உள்ளே பாத்திரம் ஒன்று டங்கென்று வைக்கப்பட்டது. யூசுப்பின் மனைவிக்குப் பூண்டி ஏரி ஞாபகம் இருந்திருக்க வேண்டும்.

ஷர்மிளா கையைக் கழுவிவிட்டு வந்தாள். "எங்கிட்ட ஒண்ணு இருக்குப்பா. நீங்க கலங்கி நின்னப்ப அங்கிளுக்குத் தெரியாம எடுத்தது" என்று போனை நீட்டினாள்.

படத்தில் முக்கால்வாசி ரவிச்சந்திரனின் முதுகு. குனிந்த முதுகு, வியர்வையில் ஒட்டிய சட்டை மேலே ஏறி, பேன்ட்டுக்கு மேல் உள்பனியன் தெரிந்தது. மடக்கிய முழங்கைக்கு அந்தப் பக்கம் மாலையின் ஒரு கொத்தும் யூசுப்பின் பாதி முகமும். ஒரு கண் தெரிந்தது. கலங்கிய கண், எதையோ தேடுகிற மாதிரி.

"இதை பாபுகிட்டக் குடுத்து என்னை அழிச்சிரலாம்டா" என்றார் ரவிச்சந்திரன் அவசரமாக. "இப்பல்லாம் பண்றாங்க. முதுகை எடுத்துட்டு உன் முகத்தை முழுசா..." எடுத்த படத்தைத் திருத்துகிறவனைப் பித்தலாட்டக்காரன் என்று ஏசிய வாய் அது.

"பாப்பம்" என்றார் யூசுப்.

இரண்டு வாரம் ரவிச்சந்திரன் அந்தப் பக்கம் போகவில்லை. கேமரா பீரோவுக்குள் போனது. விக்ரம் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டதற்கு முழங்கால் வலி என்றார். செக்‌ஷன் ஆட்கள் யாரையாவது வழியில் பார்த்தால், இப்போது சொல்லப்போகிறான், இப்போது அந்தப் பெயரைச் சொல்லப்போகிறான் என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். யாரும் சொல்லவில்லை. யூசுப் ஒருத்தரிடமும் சொல்லவில்லை என்று தெரிந்தது. அது ஆறுதலாக இல்லை, கடன் மாதிரி கனத்தது.

மூன்றாவது வாரம் யூசுப்பே போன் செய்து வரச் சொன்னார். மைதிலியும் கூட வந்தாள்.

ஆணியில் படம் மாட்டியிருந்தது. இரண்டடிக்கு மூன்றடி, தேக்குக் கலர் பிரேம். பாபுதான் போட்டிருந்தான். முதுகு அப்படியே இருந்தது. வியர்வை, உள்பனியன், மடக்கிய முழங்கை, எல்லாம் கிட்டத்தட்ட நிஜ அளவில். முழங்கைக்கு அந்தப் பக்கம் அந்த ஒரு கண்.

"அழிக்கச் சொன்னேனேடா" என்றார் ரவிச்சந்திரன்.

"இன்னாத்துக்கு அழிக்கணும்?" யூசுப் டீயை அவர் கையில் கொடுத்தார். குரலில் கோபம் இல்லை, சமாதானமும் இல்லை. "அன்னிக்குக் கடைசியா ஒருதபா கேட்டைப் பாக்கலாம்னு திரும்பினேன். எனக்குத் தெரிஞ்சது நீதான். நடந்தது இன்னாவோ அது கீது."

அடுத்த வீட்டுக்காரர் ஒருவர் பேப்பர் கேட்டு உள்ளே வந்தார். படத்தைப் பார்த்து வழக்கம்போல் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"யாரு பாய் இது, குறுக்கே?"

"போட்டோகிராபர்" என்றார் யூசுப்.

ரவிச்சந்திரன் படத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியாமல் நின்றார். இரண்டு வருஷமாக எல்லார் படத்திலும் குற்றம் கண்டவருக்கு அதில் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. வெளிச்சம் சரியாக இருந்தது. முதுகு கூர்மையாக விழுந்திருந்தது. டீ கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.